தட்டு உடைந்தால் அடி யாருக்கு? 'புஸ் கெட்ஸ் த பூட்' கார்ட்டூனும் பார்வையாளர் கருத்துகளும்

'புஸ் கெட்ஸ் த பூட்' 1940 பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவில் வெளியான கார்ட்டூன் குறும்படம். ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடக்கூடியது. எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இதை இயக்கினர். டாம், ஜெர்ரி என்று இன்று உலகம் அறிந்திருக்கும் பூனையும் எலியும் முதன்முதலில் திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான்.

எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்க்கப்படும் இப்படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் பலவிதமாகப் பேசுகிறார்கள். எலி செய்தது சரி என்பவர்கள் உண்டு; பூனை பாவம் என்பவர்கள் உண்டு; குழந்தைகளுக்கு இது ஆகாது என்பவர்களும் உண்டு. இக்கட்டுரை அக்கருத்துகளைத் தொகுத்து எடைபோடுகிறது. பெரும்பாலான கருத்துகள் பூனை, எலி என்ற இருவரோடு நின்றுவிடுகின்றன. படத்தின் அச்சாணியோ அந்த இருவருக்கும் நடுவே இருக்கும் கண்ணாடிக் கோப்பைகளிலும் பீங்கான் தட்டுகளிலும் இருக்கிறது. தட்டை வைத்துப் படத்தைப் பார்த்தால் தீர்ப்பு மாறுகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கதைச் சுருக்கம்

ஒரு வசதியான வீடு. ஜாஸ்பர் என்ற சாம்பல் நிறப் பூனை ஒரு சிறிய எலியைப் பிடித்து வைத்துக்கொண்டு விளையாடுகிறது. வாலைப் பிடித்து நிறுத்துகிறது, ஓட விடுகிறது, மறுபடி பிடிக்கிறது. சுவரில் மையால் ஒரு பொய் வளையை வரைந்து வைக்க, தப்பித்தோம் என்று பாய்ந்த எலி சுவரில் மோதி விழுகிறது. பொறுமை இழந்த எலி பூனையின் கண்ணில் ஒரு குத்து விடுகிறது. துரத்தல் தொடங்குகிறது. துரத்திய வேகத்தில் பூனை ஒரு தூணில் மோத, அதன் மேல் இருந்த பூந்தொட்டி விழுந்து நொறுங்குகிறது.

சத்தம் கேட்டு வீட்டுப் பணிப்பெண் வருகிறார். இன்னும் ஒரே ஒரு பொருளை உடைத்தாலும் வீட்டை விட்டுத் துரத்திவிடுவேன் என்று பூனையை எச்சரிக்கிறார். ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்த எலிக்கு அந்த நொடியில் ஒரு ஆயுதம் கிடைத்துவிடுகிறது. பூனை நெருங்கும்போதெல்லாம் அது மேசை விளிம்பில் நின்று ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கீழே தள்ளப்போவதாகக் காட்டுகிறது. பூனை அப்படியே நின்றுவிடுகிறது. கோப்பைகள் விழ விழப் பூனை பாய்ந்து பிடிக்கிறது. தரை முழுவதும் தலையணைகளைப் பரப்பி வைக்கிறது. பிறகு எலி தட்டுகள் அடுக்கிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக வீசுகிறது. பூனையின் கைகளில் தட்டுகள் கோபுரமாக உயர்கின்றன. கடைசியில் ஒரு தட்டு உடைகிறது. ஓட முயலும் பூனையை எலி நிலைகுலைய வைக்க, கையிலிருந்த அடுக்கு மொத்தமும் சரிகிறது. துடைப்பத்தால் அடி வாங்கிப் பூனை வீட்டை விட்டு வெளியேறுகிறது. எலி கையசைத்து வழியனுப்பிவிட்டுத் தன் வளைக்குள் போகிறது.

தலைப்பின் பொருள்

'புஸ்' என்பது ஆங்கிலத்தில் பூனையைச் செல்லமாக அழைக்கும் சொல். 'பூட்' கிடைத்தது என்றால் எட்டி உதைத்து வெளியே தள்ளப்பட்டான், குறிப்பாக வேலையிலிருந்து துரத்தப்பட்டான் என்று பொருள். 'புஸ் இன் பூட்ஸ்' என்ற பழைய ஐரோப்பியக் கதையின் பெயரை வைத்துச் செய்த சொல் விளையாட்டு இது. நம் ஊரில் இப்படத்தைப் பார்த்தவர்கள் பலர் தலைப்பைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் படம் எதைப் பற்றியது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. பூனை எலியைப் பிடிப்பதா இல்லையா என்பது இதில் இரண்டாவது கேள்விதான். அந்த வீட்டில் பூனையின் இடம் நிலைக்குமா என்பதே முதல் கேள்வி.

முதல் பார்வையாளர்களும் ஒரு கடிதமும்

படத்தின் பெயர்ப் பட்டியலில் ஹன்னா, பார்பெரா பெயர்கள் இல்லை. தயாரிப்பாளர் ரூடால்ஃப் ஐசிங்கின் பெயர் மட்டுமே இருந்தது. எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவின் தலைவர் ஃப்ரெட் குவிம்பி இதைத் தொடராக்கும் எண்ணத்தில் இல்லை. பூனை, எலி கதையில் புதிதாக என்ன செய்துவிட முடியும் என்ற ஐயம் அன்று நிறுவனத்துக்குள் இருந்தது.

அந்த முடிவை மாற்றியதில் பார்வையாளர் பக்கத்துக்குப் பங்கு உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் திரையரங்குத் தொழிலில் செல்வாக்குடன் இருந்த பெஸ்ஸா ஷார்ட் என்பவர், இந்தப் பூனை, எலி படங்கள் இன்னும் வருமா என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதினார். திரையரங்குகளில் கிடைத்த வரவேற்பும் அதற்குத் துணை நின்றது. பிறகு பாத்திரங்களுக்குப் புதுப் பெயர் வைக்க நிறுவன ஊழியர்களிடையே ஒரு போட்டி நடந்தது. ஜான் கார் என்ற ஓவியர் சொன்ன 'டாம் அண்ட் ஜெர்ரி' தேர்வானது. அவருக்கு 50 டாலர் பரிசு கிடைத்தது. 1941இல் வந்த 'த மிட்நைட் ஸ்நாக்' படத்திலிருந்து அந்தப் பெயர்களே நிலைத்தன. 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் 114 படங்கள் எடுத்தனர். அவற்றில் ஏழு ஆஸ்கர் விருது பெற்றன.

முதல் படமும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது; வெல்லவில்லை. அதை வென்ற 'த மில்கி வே' என்ற படமும் எம்.ஜி.எம். தயாரிப்புதான், அதுவும் பூனைக்குட்டிகளின் கதைதான். அதுவரை டிஸ்னி நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருந்த அந்த விருது வேறொரு நிறுவனத்துக்குப் போனது அதுவே முதல்முறை. இன்று அந்தப் படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. தோற்ற படத்தின் பூனையையும் எலியையும் அறியாதவர்கள்தான் குறைவு.

பார்வையாளர்கள் பிரியும் இடங்கள்

*எலியின் பக்கம்*

சிறு வயதில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எலியின் பக்கம் நிற்கிறார்கள். பெரியவர்கள் ஆளும் உலகில் குழந்தை தன்னைச் சின்னதாக உணர்கிறது. வலியவனைச் சின்னவன் ஏமாற்றும்போது அதற்கு மகிழ்ச்சி வருவது இயல்பு. இந்த முதல் படத்தில் அந்த மகிழ்ச்சிக்கு நியாயமும் இருக்கிறது. பிற்காலப் படங்கள் பலவற்றில் சண்டையை யார் தொடங்கினார் என்பதே தெரியாது. இதில் தொடங்குவது பூனை. பசிக்காகக்கூட இல்லை, பொழுதுபோக்குக்காக எலியை வதைக்கிறது. 'பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்' என்ற நம் பழமொழியை அப்படியே படமாக்கியது போன்ற தொடக்கம் இது. பாதிக்கு மேல் பழமொழி தலைகீழாகிறது.

*பூனையின் பக்கம்*

வளர்ந்த பிறகு மறுபடி பார்க்கும் பலர் கட்சி மாறுகிறார்கள். பூனை தன் வேலையைத்தானே செய்கிறது, அடி எல்லாம் அதற்குத்தானா என்று கேட்கிறார்கள். தொடர் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லப்படும் இந்தக் கருத்து இந்தப் படத்துக்கு நேராகப் பொருந்தாது. வீட்டில் எலியைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டளை இங்கே சொல்லப்படவே இல்லை. ஆனாலும் கையில் தட்டுக் கோபுரத்தை ஏந்திக்கொண்டு, எலியைத் தடுக்கவும் முடியாமல், தட்டுகளை இறக்கி வைக்கவும் முடியாமல் நிற்கும் அந்தப் பூனையைப் பார்த்தால் இரக்கம் வராமல் இராது. மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எந்த ஊழியருக்கும் அந்த முகம் தெரிந்த முகம்.

*குழந்தைகளுக்கு ஆகுமா?*

டாம் அண்ட் ஜெர்ரி வன்முறையைச் சிரிப்பாக்குகிறது என்ற குற்றச்சாட்டு பழையது. இதற்கு ஆதரவாக உளவியல் ஆய்வுகள் சுட்டப்படுவதுண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1963இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், கருப்புப் பூனை வேடமிட்ட ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிக்கும் காட்சி கார்ட்டூன் பாணியில் சில குழந்தைகளுக்குக் காட்டப்பட்டது. அதைப் பார்த்த குழந்தைகள் பார்க்காதவர்களைவிட அதிகம் அடிதடியில் இறங்கினர். இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. அதே சமயம், அந்தப் பொம்மை அடித்தால் மறுபடி நிமிர்ந்து நிற்கும்படி செய்யப்பட்டது. அடிப்பவருக்கு எந்த விளைவும் நேரவில்லை. 'புஸ் கெட்ஸ் த பூட்' படத்தின் உலகம் அப்படிப்பட்டதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*மெதுவான படமா?*

தொடரின் பிற்காலப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இதைச் சற்று மெதுவானது என்கிறார்கள். 'த கேட் கான்செர்ட்டோ' போன்ற படங்களின் வேகமும் துல்லியமும் இதில் இல்லை என்பது உண்மை. பூனை இங்கே பெரும்பாலும் நான்கு காலில் நடக்கிறது. உடல் முழுவதும் ரோமமும் முகத்தில் மடிப்புகளும் கொண்டு நிஜப் பூனைக்கு அருகில் இருக்கிறது. பிற்காலத்தில் அது இரண்டு காலில் நிமிர்ந்து, கோடுகள் குறைந்து, வேகம் கூடியது. ஆனால் இந்த மெதுவான நடை ஒரு நன்மை செய்கிறது. ஒவ்வொரு கோப்பையும் விளிம்பில் ஆடும்போது அது விழுவதற்கு முன்பே நம் வயிறு கலங்க நேரம் கிடைக்கிறது. வேகமாக ஓடும் படத்தில் உடைவது சத்தம் மட்டுமே. இதில் உடையப்போகிறது என்ற பயம்தான் நகைச்சுவை.

உடல் சேரும், தட்டு சேராது

கார்ட்டூன் உலகின் பொது விதி ஒன்று உண்டு. எந்த அடி விழுந்தாலும் அடுத்த காட்சியில் உடல் பழையபடி ஆகிவிடும். டாம் தட்டையாகும், சுருளும், துண்டு துண்டாகச் சிதறும். பிறகு ஒன்றும் நடக்காதது போல் எழுந்து ஓடும். வன்முறை பற்றிய விவாதம் முழுவதும் இந்த விதியைச் சுற்றியே நடக்கிறது. வலி விளைவில்லாமல் போகிறதே என்பது எதிர்ப்பவர்களின் வாதம். அது நிஜமில்லை என்று குழந்தைக்கே தெரியும் என்பது ஆதரிப்பவர்களின் வாதம்.

இந்த முதல் படத்தில் விதிக்கு விலக்கான ஒரு பொருள் இருக்கிறது. எலி சுவரில் மோதினால் தெளிந்து எழுகிறது; பூனை கண்ணில் குத்து வாங்கினாலும் அடுத்த கணம் துரத்துகிறது. பூந்தொட்டி உடைந்தால் உடைந்ததுதான். கோப்பை விழுந்தால் சில்லுதான். உயிருள்ளவை எல்லாம் அழியாமல் இருக்க, உயிரற்ற பீங்கான் மட்டும் நிஜ உலகின் விதிக்குக் கட்டுப்படுகிறது. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. எலிக்குத் தன் பலத்தால் பூனையை எதிர்க்க முடியாது. ஆனால் திரும்பச் சேர்க்க முடியாத ஒரு பொருளை விளிம்பில் நிறுத்த முடியும்.

பீங்கான் செய்யும் ஊரில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலம், பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியாகச் செராமிக் தொழிலுக்கு அறியப்பட்ட ஊர். செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம் இங்கே இருக்கிறது. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பொருள்களுக்கான பீங்கான் பாகங்கள் போன்றவற்றைச் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் உண்டு. களிமண்ணைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரத்தில் மண் படிந்து வடிவம் பிடிக்கும். அதை எடுத்து, பிசிறு நீக்கி, காயவைத்துச் சூளையில் ஏற்றுவார்கள். காய்ந்த பச்சைப் பொருள் கைதவறி உடைந்தால் பெரிய நட்டமில்லை. தண்ணீரில் போட்டால் மறுபடி கூழாகிவிடும். சூளை ஏறி இறங்கிய பிறகு உடைந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் 500 முதல் 600 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே வெளியேறிவிடுகிறது. அதற்கு மேலும் வெப்பம் ஏற, துகள்கள் ஒன்றோடொன்று இறுகுகின்றன. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மறுபடி பிசையும் மண்ணாகாது.

இன்னொரு குணமும் உண்டு. பீங்கான் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும். வளைக்கும் விசையையும் திடீர் மோதலையும் தாங்காது. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக இருபது தட்டுகளை அடுக்கினாலும் அடியில் இருக்கும் தட்டு பாரத்தால் உடைவதில்லை. அடுக்கு சரிந்தால்தான் ஆபத்து. ஜாஸ்பரின் கைகளில் உயரும் கோபுரம் இந்தக் குணத்தைச் சரியாகப் பயன்படுத்துகிறது. தட்டுகளால் தட்டுகளுக்கு ஆபத்தில்லை. ஏந்தி நிற்பவனின் கால் தடுமாறுவதுதான் ஆபத்து. பூனையின் நிலையும் அதுதான். இருக்கும் இடத்தில் அசையாமல் நின்றால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அசையாமல் நிற்கும் ஒருவனை யார் வேண்டுமானாலும் சீண்டலாம்.

எனவே இந்தப் படத்தில் வன்முறைக்கு விளைவில்லை என்பது பாதி உண்மைதான். உடலுக்கு விளைவில்லை, பொருளுக்கு உண்டு, பொருளை உடைத்தவனுக்கும் உண்டு. குழந்தை இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியது அடிப்பது எப்படி என்பதைவிடச் சிக்கலான ஒன்று. பழி அடுத்தவன் மேல் விழும் என்று தெரிந்தால் எதையும் உடைக்கலாம் என்பது அது. அடிதடியைவிட இது கவலைப்பட வேண்டிய பாடம் என்று கருத இடமுண்டு.

கடிகாரம் உடைந்த கதை

அடுத்தவர் வீட்டில் வேலை செய்பவனுக்குப் பொருள் உடைவது எவ்வளவு பெரிய பயம் என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்கத் தேவையில்லை. 2001இல் சித்திக் இயக்கத்தில் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்று நடித்த காண்டிராக்டர் நேசமணி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரிய வீடு ஒன்றில் வெள்ளையடிக்கும் வேலை. பழங்காலக் கடிகாரம் ஒன்று நொறுங்குகிறது. நேசமணியின் தலையில் சுத்தியல் விழுகிறது. 2019இல் அந்தச் சுத்தியல் காட்சி இணையத்தில் மறுபிறவி எடுத்து, நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் வேடிக்கையாக உலகம் முழுவதும் சுற்றியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரியும். வடிவேலுவின் தலையில் விழும் அடிக்கு நாம் சிரிக்கிறோம். அவர் மறுபடி எழுந்துவிடுவார் என்று நமக்குத் தெரியும். கடிகாரம் மறுபடி எழாது. அவர் முகத்தில் தெரியும் பீதி அடிக்கானது அன்று, வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கானது. ஜாஸ்பரும் நேசமணியும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், தமிழ்ப் படத்தில் நாம் உடைத்தவர்களோடு சேர்ந்து சிரித்தாலும் மனத்தில் நிற்பவர் நேசமணிதான். கார்ட்டூனில் பாராட்டு எலிக்குப் போகிறது.

துடைப்பம் பிடித்தவர்

பார்வையாளர் கருத்துகளில் அதிகம் விடுபடுபவர் மூன்றாவது பாத்திரம். அந்தப் பணிப்பெண்ணின் முகம் படத்தில் காட்டப்படுவதில்லை. காலும் பாவாடையும் செருப்பும் துடைப்பமும்தான் தெரியும். பூனையின் கண்மட்டத்திலிருந்து பார்க்கிறோம் என்பது அதற்கு ஒரு காரணம். அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்களைக் கேலிச் சித்திரமாக்கும் ஒரு பழைய வார்ப்பிலிருந்து அவர் எடுக்கப்பட்டார் என்பது இன்னொரு காரணம். பின்னாளில் அவர் 'மாமி டூ ஷூஸ்' என்று குறிப்பிடப்பட்டார். இதில் வரும் 'மாமி' நம் உறவுமுறைச் சொல் அன்று. வெள்ளையர் குழந்தைகளை வளர்த்த கறுப்பினத் தாதியரைக் குறிக்க அங்கே வழங்கிய சொல். அவருக்குக் குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. எச்சரிக்கும் காட்சியில் அவர் ஒரு எளிய ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டும்போது தவறாகச் சொல்வதாக வைத்து, அதிலும் ஒரு சிரிப்பைப் படம் எடுத்துக்கொள்கிறது.

படம் வெளியாகி 19 நாள் கழித்து, 1940 பிப்ரவரி 29 அன்று, 'கான் வித் த விண்ட்' படத்தில் அதே வகைப் பணிப்பெண் பாத்திரத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். விழா நடந்த விடுதியில் தன் சக நடிகர்களோடு உட்காராமல் தனி மேசையில் உட்கார வைக்கப்பட்டார். திரையில் அந்த வேடத்துக்குக் கைதட்டியவர்கள் அரங்கில் அவரைத் தள்ளி வைத்தார்கள். கார்ட்டூனில் முகமில்லாமல் கால் மட்டும் காட்டப்பட்ட பெண்ணை இந்தச் செய்தியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்றே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்ட அமைப்புகள் இப்பாத்திரத்தைக் கண்டித்தன. 1952க்குப் பிறகு அவர் தொடரில் இடம்பெறவில்லை. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவர் வரும் காட்சிகள் மாற்றி வரையப்பட்டன, குரலும் மாற்றப்பட்டது. பிற்காலத்தில் குறுந்தகடாக வந்தபோது நடிகை ஊப்பி கோல்ட்பெர்க் முன்னுரை சொல்லி, இக்காட்சிகள் தவறானவை, ஆனாலும் மறைப்பது நடந்ததை இல்லை என்று சொல்வதாகும் என்ற நிலையை விளக்கினார். வெட்டிவிடுவதைவிட விளக்கத்தோடு காட்டுவது மேல் என்பது இன்று பலர் ஏற்கும் நிலை. இந்தப் படத்தைப் பொறுத்தவரை வெட்டுவதும் கடினம். அவரை எடுத்துவிட்டால் எச்சரிக்கை இல்லை, எச்சரிக்கை இல்லாவிட்டால் தட்டுக்கு மதிப்பில்லை, கதையே இல்லை.

தமிழ்நாட்டுப் பார்வையாளர் பலருக்கு இந்தப் பின்னணி தெரியாது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்த பிறகு இப்படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவர் வீட்டுக்கார அம்மா, அவ்வளவுதான். அவருடைய ஆங்கிலத்தில் இருக்கும் கேலி நம் காதுக்கு எட்டவில்லை. இதனால் இனக் கேலி நம்மிடம் வேலை செய்யவில்லை என்று சொல்லலாம். அதே காரணத்தால் அவர் அந்த வீட்டில் ஒரு வேலையாள் என்பதும் நம் கண்ணில் படாமல் போயிற்று.

அவர் வீட்டுக்காரரா, பணிப்பெண்ணா என்பதில் தொடரே தெளிவாக இல்லை. சில படங்களில் வீடு அவருடையது போலவே காட்டப்படுகிறது. பணிப்பெண் என்று கொண்டால் படம் வேறாகிறது. உடைந்த தட்டுக்குப் பூனை வெளியே போகும். ஆனால் எஜமானர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருடைய கோபம் எரிச்சலால் வந்தது மட்டுமில்லை, பயத்தாலும் வந்தது. நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் கையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் நழுவினால் அடுத்த நொடி அவர் முகம் எப்படி மாறும் என்பதைப் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

நம் மரபில் பூனையும் எலியும்

பூனை, எலி பகைக்கு நம் மரபிலும் நீண்ட வரலாறு உண்டு. மாமல்லபுரத்தில் 'அர்ச்சுனன் தபசு' என்று அழைக்கப்படும் பல்லவர் காலப் பாறைச் சிற்பத்தில், பூனை ஒன்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதன் காலடியில் எலிகள் இருக்கின்றன. தவசியாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில் வருகிறது. அங்கே சிரிப்பு பூனையின் பொய் வேடத்தைக் குறித்தது.

அதே மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் இன்னொரு கதை உண்டு. லோமசன் என்ற பூனை வேடன் வலையில் சிக்கிக்கொள்கிறது. பலிதன் என்ற எலியைக் கீரியும் ஆந்தையும் குறிவைக்கின்றன. எலி பூனையோடு உடன்படிக்கை செய்து, வலைக்குள்ளே பூனையின் அருகில் ஒளிந்துகொள்கிறது; பதிலுக்கு வலையைக் கடிப்பதாக வாக்குக் கொடுக்கிறது. ஆனால் வேடன் வந்து நெருங்கும் வரை கடைசி இழையைக் கடிக்கவில்லை. வேடனுக்குப் பயந்து பூனை தன்னைத் தின்ன நேரமில்லாமல் ஓட வேண்டும் என்பது அதன் கணக்கு.

பலிதனும் ஜெர்ரியும் ஒரே தந்திரம் உடையவர்கள். இருவருமே தங்களைவிடப் பலசாலியான பூனையை, பூனை அஞ்சும் மூன்றாமவரை வைத்து அடக்குகிறார்கள். பலிதன் அந்தப் பயத்தைத் தன் உயிருக்குப் பாதுகாப்பாக மட்டும் பயன்படுத்துகிறது. முடிவில் இருவரும் பிழைக்கிறார்கள். ஜெர்ரி தொடக்கத்தில் அதையே செய்கிறது. ஆனால் பூனை முழுவதும் அடங்கி, தட்டுகளை ஏந்தி, எதுவும் செய்ய முடியாமல் நிற்கும்போதும் விடுவதில்லை. அங்கே தற்காப்பு முடிந்து கேளிக்கை தொடங்குகிறது. படத்தின் முதல் இரண்டு நிமிடங்களில் பூனை எலியிடம் என்ன செய்ததோ அதையே எலி பூனையிடம் செய்கிறது.

மதிப்பீடு

எலியின் பக்கம், பூனையின் பக்கம் என்று பிரிந்து பேசும் பார்வையாளர்கள் இருவருமே படத்தின் ஒரு பாதியைச் சரியாகப் பார்க்கிறார்கள். முதல் பாதியில் எலிக்கு நியாயம் இருக்கிறது, இரண்டாம் பாதியில் இல்லை. இந்த மாற்றத்தை ஒன்பது நிமிடத்துக்குள், எலியும் பூனையும் ஏறத்தாழ ஒரு வார்த்தையும் பேசாமல், சில கோப்பைகளையும் தட்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு காட்டியது இப்படத்தின் பெரிய திறமை. ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்து அந்தப் பேச்சின் இடத்தை நிரப்புகிறது.

குறைகளும் உண்டு. பணிப்பெண்ணை இனக் கேலியாக வரைந்தது மன்னிக்கத்தக்க அறியாமை அன்று. அன்றே தவறென்று சொல்லப்பட்ட ஒன்று. எலியின் வெற்றியைக் கேள்வியே இல்லாமல் கொண்டாடி முடிப்பதும் ஒரு குறைதான். பிற்காலப் படங்கள் சிலவற்றில் டாமும் ஜெர்ரியும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதையும், சண்டைக்குப் பின் சேர்ந்து நிற்பதையும் பார்க்கிறோம். அந்த இளக்கம் இந்த முதல் படத்தில் இல்லை.

மாணவர்கள் இப்படத்தை மறுபடி பார்க்கும்போது ஒரு பயிற்சியாக, பூனையையும் எலியையும் விட்டுவிட்டுக் கோப்பைகளையும் தட்டுகளையும் மட்டும் தொடர்ந்து கவனிக்கலாம். எது எங்கே இருந்தது, யார் கையில் எடுத்தார், யார் தள்ளினார், யார் பிடித்தார், பழி யார் மேல் விழுந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால் படம் எவ்வளவு திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்பது புரியும். கடைசியில் ஒரு குறிப்பு மீதமிருக்கும். பூனை தெருவுக்குப் போய்விட்டது, எலி வளைக்குள் போய்விட்டது. சமையலறைத் தரையில் சில்லுகள் கிடக்கின்றன. அவற்றைக் கூட்டி அள்ளும் காட்சி படத்தில் இல்லை. துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியும்.